பிடிச்சாப் பிடிச்சதுதான்

வீடு இல்லாததால்தான் மச்சான் என்னைக் கட்டவில்லை என்று தேற்றாத்தீவில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். எங்கட பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எனக்கென்று அப்பா கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆகவே மாமாவின் மகன் கழன்றுவிட்டான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. நான் மறுத்துச் சொன்னதில்லை. சொல்ல வெளிக்கிட்டால் ஒரு விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பார்கள், எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும், கதை அந்த இடத்திலேயே நின்றுபோகும். எழுதினால் ஒருவரும் குறுக்கே கதைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவன் கழலவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

சுனாமிக்கு அடுத்த வருசம் நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். படம் கீறச் சொன்னார்கள், பந்து எறியச் சொன்னார்கள், கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். செத்தவர்களின் பெயரைச் சொல்லி அழுங்கள் என்று சொல்லித்தரக்கூட ஒருத்தர் வந்தார். சீ, அழுகிறதற்கு எங்களுக்குப் பாடம் வேண்டுமா? இத்தனைக்குள்ளும் ஒன்றும் செய்யச் சொல்லாமல் சும்மா குந்தியிருந்தது ஒரேயொரு வெள்ளைக்காரப் பிள்ளைதான். அவளுடைய பையில் ஒரு தடித்த புத்தகமும், தாயக்கட்டை மாதிரி எண் போட்ட விதவிதமான உருட்டுக்கட்டைகளும் இருந்தன.

பலகையும் இல்லை, காயும் இல்லை அந்த விளையாட்டுக்கு. ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேசம் எடுப்பார்கள். நான் வாள்காரி. என் தம்பி குட்டையான கள்ளன், விலாங்கு மாதிரி நழுவுகிறவன். அவரவர் பலம், வேகம், கெட்டித்தனம் எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். மதிலில் ஏறப்போகிறேன் என்று சொன்னால் இருபது பக்கம் உள்ள கட்டையை உருட்டி, வருகிற எண்ணோடு உன்னுடைய எண்ணைக் கூட்டி, ஏறினாயா விழுந்தாயா என்று பார்ப்பார்கள். பூதம், புதையல், மந்திரக்காரர் எல்லாம் உண்டு. வீடு, வள்ளம், அம்மம்மாவின் தாலிக்கொடி என்று எல்லாவற்றையும் ஒரு காலையில் பறிகொடுத்த எங்களுக்கு அது நல்லாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவள் போகும்போது புத்தகத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எங்களுக்குள் அவனுக்குத்தான் இங்கிலீசு ஓடும். நிவாரணம் கொண்டுவருகிற வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கிற வேலை செய்துகொண்டிருந்தான், அந்த நாளில் அவனுடைய நடையே வேறு. அவன் கதைகாரன் ஆனான். புத்தகம் என்ன சொல்லுகிறதென்று அவன் வாசித்துச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

விளையாடியது பெரியம்மா வீட்டில். சொந்தப் பெரியம்மா இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம். கடலை விட்டு உள்ளே, களப்புப் பக்கம் இருந்ததால் அவருடைய வீடு தப்பியது. முகாமிலிருந்து எங்களைக் கூட்டிப்போய்ப் பின் அறையைத் தந்தவர் அவர்தான். அவருக்கு ஒரே மகன், மச்சானோடு ஒரே வகுப்பில் படித்தவன். கடல் வருவதற்கு முன்பு, சண்டைக்கென்று பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், கோயில் திருவிழாவில் வைத்து அவனைப் பிடித்தார்கள். பட்டப்பகல், கச்சான்கடலைக் கடைக்குப் பக்கத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அப்போது மட்டக்களப்பில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தேன், எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். பெரியம்மா அன்றைக்குக் கோயிலுக்குள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு இருந்தாராம். வெளியே வரும்போது வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்று ஒரு சொல் வரவில்லை. மகனைப் பற்றி அவர் கதைக்கவே மாட்டார். வீட்டில் சத்தம் கேட்டால் நல்லம் என்று மட்டும் சொல்லி, நாங்கள் விளையாடும் நேரம் சுளகோடு வந்து மூலையில் இருந்து அரிசி புடைப்பார்.

கொஞ்ச நாள் ஒரு பிரச்சினையும் வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் சதுப்புக்குள் கிடந்த பூதம் ஒன்று தம்பியின் கள்ளனைக் கையில் பிடித்தது. அதுவரை வாள்வெட்டு, அம்பு, நஞ்சு எல்லாம் வந்திருக்கிறது, ஆளை ஆள் பிடிக்கிறது வந்ததில்லை. மச்சான் புத்தகத்தை விரித்தான். அந்தப் புத்தகத்திலேயே ஆகச் சிக்கலான இடம் அதுதான், பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில். முதல் பந்தியை வாசித்தான். பிடிக்கிறவரும் உருட்ட வேண்டும், பிடிபடுகிறவரும் உருட்ட வேண்டும், இரண்டில் எது பெரிதோ அவர் பக்கம் வெற்றி. உருட்டினார்கள். பூதம் வென்றது. மச்சான் புத்தகத்தை மூடினான்.

"பிடிச்சிட்டு. முடிஞ்சுது" என்றான்.

அடுத்த பந்தியில் என்ன இருக்கிறது என்று கேட்கிற யோசனையே ஒருவருக்கும் வரவில்லை. வேறெந்த ஊர்ப் பிள்ளைகளாக இருந்தாலும் கேட்டிருக்கும். பிடித்த பிறகு என்ன, அடிக்கிறதா, கடிக்கிறதா, காலை வாருகிறதா என்று கத்திக் கூரையைப் பிரித்திருக்கும். நாங்கள் பிறந்த ஊரில் பிடித்தால் ஆள் இல்லை. அவ்வளவுதான். தம்பி தன்னுடைய தாளைக் கவிழ்த்து வைத்தான், நாங்கள் கதையைத் தொடர்ந்தோம். மூலையில் சுளகு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது சட்டமானது. பிடிபட்டவர் தாளைக் கவிழ்க்க வேண்டும், வேறு ஆளை எழுதிக்கொண்டு வர வேண்டும். எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று பாருங்கள். என் வாள்காரி மலையிலிருந்து விழுந்து பிழைத்தாள், நெருப்புக்குள் போய் வந்தாள். அதேநேரம் முழங்கால் உயரமில்லாத ஒரு குட்டிப்பிசாசு சட்டைக்கையில் பிடித்ததால் குதிரையும் கவசமுமாக வந்த வீரன் ஒருவன் அந்த இடத்தோடு முடிந்தான். நாங்கள் வாளுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டோம். கை நீண்டால் ஓடினோம். தம்பிக்கு எத்தனை ஆட்கள் போயிருப்பார்களோ தெரியாது. கட்டை உருண்டு நிற்பதற்கு முன்பே தாளைக் கவிழ்க்கப் பழகிவிட்டான்.

ஊரடங்கு போட்டு வெளியே போக ஏலாத ஒரு நாள், புத்தகம் என்னிடம் கிடந்தது. சும்மா கிடக்கிறதே என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இடத்தை வாசித்தேன். முதல் பந்திக்குப் பிறகும் வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சூடானது.

பிடிபட்டவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது, அது உண்மை. ஆனால் அவருடைய கை அவருடையது. வாய் அவருடையது. அவருடைய முறை வரும்போது திரும்பவும் உருட்டிப் பார்க்கலாம், பலத்தால் முடியாவிட்டால் நழுவுகிற கெட்டித்தனத்தால் உருட்டலாம். பக்கத்தில் நிற்கிற கூட்டாளி தன்னுடைய முறையில் அவரைப் பிடித்து இழுக்கலாம், பிடித்தவனைத் தள்ளி விழுத்தலாம். அவன் விழுந்தால் பிடி விடும். எனக்கு ஆகக் கோபம் வந்தது கடைசியில் இருந்த ஒரு வரியில்தான். பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் பிடித்தவனுக்கும் கை ஒழிவில்லையாம், இழுத்துக்கொண்டு போனால் அவனுடைய வேகமும் பாதியாகுமாம். அவனும் ஒரு வகையில் மாட்டிக்கொண்டவன்தானாம். இவ்வளவும் அச்சடித்து வைத்திருக்கிறது, நாங்கள் மாதக்கணக்காகத் தாளைக் கவிழ்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அடுத்த முறை கூடியபோது புத்தகத்தை நடுவில் போட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மச்சான் முதலில் நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்றான். அகராதியைக் காட்டினேன். அது பெரிய வீரர்களுக்கு மட்டும் என்றான். எந்த வரியில் அப்படி இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. பிறகு கதைகாரனின் சொல்தான் கடைசிச் சொல் என்று புத்தகமே சொல்லுகிறது என்றான். அது உண்மைதான், சொல்லுகிறதுதான். ஆனால் தெரியாத இடத்தில் தீர்ப்புச் சொல்லத்தான் கதைகாரன், அச்சில் இருக்கிறதை மறைக்க அல்ல என்றேன். பக்கத்தில் நிற்கிறவன் இழுக்கப்போனால் அவனையும் பிடிப்பான், ஆகையால் ஒருவனும் போகமாட்டான் என்றான். போகலாமா கூடாதா என்பதுதான் சட்டம், போவானா மாட்டானா என்பது அவனவன் பாடு என்றேன்.

"இஞ்ச அப்பிடி நடக்காது" என்றான்.

"இஞ்ச பூதமும்தான் நடக்காது மச்சான். அத வச்சிருக்கிறீங்கதானே?"

தம்பி சிரித்துவிட்டான். மச்சான் சிரிக்கவில்லை. நான் விடவில்லை, எனக்கு வாய் அப்படி. எங்கட ஆட்களுக்கு இழுக்கத் தெரியாதா என்று கேட்டேன். கொம்புமுறி விளையாட்டு என்று வந்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து வடம் பிடித்து உள்ளங்கைத் தோல் உரிய இழுப்பார்கள், எதற்கு, ஒன்றில் ஒன்று கொளுவிய இரண்டு தடிக்கு. ஒரு ஆளை இழுக்கிறதற்குப் புத்தகத்தில் இடம் இருந்தும் நீங்கள் தர மாட்டீர்களா என்றேன். அப்போது சுளகு நின்றது.

"பக்கத்தில நிக்கிறவங்க இழுக்கலாம் எண்டா போட்டிருக்கு மகள்?" என்று பெரியம்மா கேட்டார்.

ஓம் பெரியம்மா என்றேன். திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவர் அரிசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மச்சான் எழும்பி இன்றைக்கு இவ்வளவும் போதும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முகம் செத்துப்போயிருந்தது. ஒரு பெட்டையிடம் தோற்றுப்போன ஆம்பிளையின் வீறாப்பு என்றுதான் நான் நினைத்தேன், உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

சட்டம் மாறவில்லை. இரண்டொரு கிழமையில் தம்பியின் புதுக் கள்ளனைக் காவல்காரன் ஒருவன் பிடித்தான். உருட்டுடா, உனக்கு நழுவுகிற எண் இருக்கிறது, உருட்டு என்று நான் கத்தினேன். மச்சான் கட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். தம்பி என்னைப் பார்த்து, "விடுங்கக்கா, பிடிச்சாப் பிடிச்சதுதான்" என்று சொல்லித் தாளைக் கவிழ்த்தான். மச்சானில் வந்த கோபத்தைவிட அவனில்தான் எனக்குக் கோபம் கூட வந்தது. அன்றோடு நான் விளையாடப் போகவில்லை.

அதற்குப் பிறகு காலம் இன்னும் கெட்டது. சண்டை எங்கட பக்கத்தில் முடிந்துவிட்டது, வடக்கில்தான் நடக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டு இருந்தது. ஆள் பிடிக்கிற வான் வண்டிகள் ஓடித்திரிந்ததெல்லாம் எங்கட றோட்டில்தான். யாருடைய ஆட்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சந்திக்குச் சந்தி ஒவ்வொரு கூட்டம், எல்லாருடைய கையிலும் ஒரே துவக்கு.

ஒரு காலை பெரியம்மா, நான், தம்பி மூவரும் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனோம். மச்சானும் ஏதோ வேலையாகச் சைக்கிளில் வந்திருந்தான், சாமான் வாங்கி முடித்து பஸ்சுக்கு நிற்கும்போது எங்களோடு வந்து நின்றான். கலியாணப் பேச்சு அப்போதும் அம்மாவுக்கும் மாமிக்கும் இடையில் நடந்துகொண்டுதான் இருந்தது. தம்பி கையில் மரக்கறிப் பை. வான் ஒன்று வந்து நின்றது, இலக்கத் தகடு இல்லை. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் சிநேகிதன் மாதிரித் தம்பியின் தோளில் கையைப் போட்டு, கழுத்தை வளைத்துப் பிடித்து, ஒரு சின்ன விசாரணை என்றான்.

என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? கையில் இருந்த பையைத் தக்காளி உருண்டுபோகாதபடி லைற்றுத்தூணோடு பார்த்துச் சாய்த்து வைத்தான். வைத்துவிட்டு அவர்களோடு நடந்தான். ஒரு சொல் பேசவில்லை, கையை ஒருதரம் உதறவில்லை. அப்போதுதான் தெரிந்தது, அவன் மனதுக்குள் தாளைக் கவிழ்த்துவிட்டான்.

எனக்கு அதற்குப் பிறகு ஒழுங்காக ஞாபகமில்லை. பாய்ந்து அவனுடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்ததும் ஒருவன் என் பின்னலைப் பிடித்து இழுத்ததும் ஞாபகம். றோட்டில் அவ்வளவு சனம். எல்லாரும் மரமாக நின்றார்கள். நாசமறுப்பார், ஒருத்தர் அசையவில்லை. நான் தம்பியின் முதுகில் தலையால் இடித்தேன்.

"கைய ஆட்டுடா! உன்ட கை சும்மாதானேடா இருக்கு!"

அவன் ஆட்டவில்லை. முதலில் அசைந்தது பெரியம்மாதான். ஓடி வந்து தம்பியின் கழுத்தைப் பிடித்திருந்தவனின் முழங்காலைக் கட்டிக்கொண்டு றோட்டில் குந்திவிட்டார். அவன் உதறினான், மற்றக் காலால் உதைத்தான், அவர் விடவில்லை. அவனுக்குத் தம்பியைப் பிடித்த கையை எடுக்கவும் முடியவில்லை, காலை எடுத்து வைக்கவும் முடியவில்லை. கீரைக்காரப் பொம்பிளை ஒருத்தி வந்து என்னை இழுத்தவனின் சட்டையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மீன்காரப் பொம்பிளைகள் வந்தார்கள், ஆளுக்கொரு கையாக இழுத்தார்கள். காத்தான்குடியிலிருந்து புடவைக்கட்டோடு சைக்கிளில் வருகிற முஸ்லிம் காக்கா ஒருவர், வானுக்கு முன்னால் சைக்கிளை விழுத்திவிட்டு, இந்தா எடுக்கிறேன், இந்தா எடுக்கிறேன் என்று ஒவ்வொரு சீலையாக மண் தட்டி மடித்துக்கொண்டு இருந்தார். வானுக்குள் துவக்கோடு இருந்தவன் இறங்குகிறதா விடுகிறதா என்று தெரியாமல் ஹோர்ன் அடித்தான். அந்த நேரம்தான் தம்பிக்கு உயிர் வந்தது. தோளைச் சுருக்கி, குனிந்து, சட்டைக்குள்ளிருந்து வழுக்கி வெளியே வந்தான். பிடித்தவனின் கையில் சட்டை மட்டும் இருந்தது. வெறும் மேலோடு சந்தைக்குள் ஓடினான், பொம்பிளைகள் அவனை உள்ளே விட்டு மூடிக்கொண்டார்கள்.

அவர்கள் தூசணத்தால் பேசினார்கள், திரும்பி வருவோம் என்றார்கள், வானில் ஏறிப் போய்விட்டார்கள். அன்றைக்கே தம்பியைக் கொழும்புக்கு அனுப்பினோம், அங்கிருந்து கட்டாருக்குப் போனான். இன்றைக்கு இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அளவுக்கு மிஞ்சி வாய்.

வான் போன பிறகு மச்சான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிட்ட வந்தான். இவ்வளவு நேரமும் அவன் நின்றது எங்களிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில். நல்லகாலம் என்றான். என் நாக்கில் வந்ததையெல்லாம் அவனுக்குச் சொன்னேன், எழுதக்கூடாத சொல்லும் சொன்னேன். ஒரு கை, ஒரேயொரு கை தந்திருக்கக் கூடாதா, நீயும் ஒரு ஆம்பிளையா என்று கேட்டேன். உன்னைக் கட்டுகிறதைவிடக் களப்பில் விழுந்து சாவேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றான், வீறாப்பு ஒன்றும் முகத்தில் இல்லை.

பெரியம்மா இன்னும் றோட்டிலேயே இருந்தார். முழங்கால் உரிந்து சீலையில் இரத்தம். நான் தூக்கப் போனேன், கையால் தடுத்தார். வான் போன பக்கம் பார்த்துக்கொண்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பிறகு திரும்பி மச்சானைப் பார்த்தார்.

"அண்டைக்குக் கோயில்ல நீ அவனுக்குப் பக்கத்திலதானே நிண்டனீ?"

எனக்கு அது தெரியாது. அதுவரை ஒருவரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. மச்சான் ஓம் என்று தலையாட்டினான். அவர் தம்பியின் மரக்கறிப் பையைக் காட்டினார், லைற்றுத்தூணோடு அது அப்படியே சாய்ந்து இருந்தது.

"என்ட புள்ளையும் இப்பிடித்தான் சும்மா போனானா?"

"இல்ல பெரியம்மா" என்றான் மச்சான். "அவன் என்ட கையப் பிடிச்சிட்டான். விடவே இல்ல. நான்தான் விரல் விரலாக் கழட்டினன்."